பழைய டிராக்டரை விற்கச் சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு வாத்தியாரின் பதில்



பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படிக்கவும். வகுப்பில் பாதியில் எழுந்து போகிறவனை நான் என்றைக்கும் விட்டதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் டிராக்டரின் படத்தைப் போட்டு, "இது மியூசியத்துக்குப் போக வேண்டியது" என்று ஒருவர் எழுத, முப்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தீர்கள். அதில் பத்துப் பேராவது என்னிடம் கணக்குப் படித்தவர்கள். மறுநாள் அக்கா மகன் வீட்டுக்கே வந்துவிட்டான். "மாமா, ஜி.எஸ்.டி. குறைச்சுட்டாங்க. இப்ப விட்டா எப்ப? அந்த மூணு கியர் வண்டியத் தள்ளி உட்டுட்டு அம்பது எச்.பி. ஒண்ணு எடுத்துப் போடுங்க. ஊருக்குள்ள ஒரு மருவாதி வேண்டாமுங்களா?" என்றான்.

மரியாதை டிராக்டரில் வருகிறது என்று எந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை. ஆகவே பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. எங்கள் ஐயன் 1984-ல் நிலவள வங்கியில் கடன் போட்டு எடுத்த மாஸி ஃபெர்குசன் 1035. சென்னையில் 1960-ல் தொடங்கப்பட்ட டாஃபே கம்பெனி செய்தது. மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இன்ஜின். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எட்டு ஏக்கர், நெல்லும் வாழையும். அதற்கு அன்றும் இதுதான், இன்றும் இதுதான்.

"மூணு கியர் வண்டி" என்று கேலி செய்தீர்களே, அந்த கியர் பெட்டியைப் பற்றித்தான் இன்று பாடம்.

இதில் கியர் ராடு இரண்டு. ஒன்றில் மூன்று முன்கியர், ஒரு ரிவர்ஸ். இன்னொன்று ஹை-லோ ராடு. அந்த இரண்டாவது ராடுக்குக் கீழே இருப்பதுதான் விசேஷம். கியர் பெட்டியின் பின்பக்கம் நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சூரியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி ஒட்டினாற்போல ஓடும் சின்னச் சக்கரங்கள், அவை கோள்கள். எல்லாவற்றையும் வெளியே வளைத்து நிற்பது உள்பக்கம் பல் வைத்த வளையம். அந்த வளையம் அசையாது. லோ போட்டால் இன்ஜின் சக்தி சூரியன் வழியாக வந்து, கோள்களைத் தாங்கும் சட்டம் வழியாக வெளியே போகிறது. ஹை போட்டால் இந்தச் சுற்று வேலை எதுவும் இல்லை, நேராகப் போய்விடும்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கு போதும். உதாரணத்துக்குச் சூரியனுக்கு 20 பல், வளையத்துக்கு 60 பல் என்று வையுங்கள். 60-ஐ 20-ஆல் வகுத்தால் 3. அதோடு 1 கூட்டினால் 4. அதாவது சூரியன் நான்கு சுற்று சுற்றினால் வெளியே போகும் தண்டு ஒரு சுற்றுதான் சுற்றும். வேகம் நான்கில் ஒரு பங்கு. இழுக்கும் முறுக்கு, உராய்வில் போவது நீங்கலாக, நான்கு மடங்கு. மாஸி 35 வகை வண்டிகளில் ஹைக்கும் லோவுக்கும் உள்ள விகிதம் இந்த நாலுக்கு ஒன்றுதான். மூன்று கியர் ஆறாகிறது, ஒரு ரிவர்ஸ் இரண்டாகிறது. ஒரு கைப்பிடி அளவு பல்சக்கரக் கூட்டத்தில் இவ்வளவு வேலை! 1956-ல் இங்கிலாந்தில் வந்த ஃபெர்குசன் 35-ல் இருந்து வரும் ஏற்பாடு இது. 36 குதிரைத்திறன்தானே என்கிறவர்கள், லோ ஒன்றில் சேற்றுக்குள் கேஜ் வீல் மாட்டி இது நடப்பதை ஒருமுறை வரப்பில் நின்று பார்க்கவும். மனிதன் நடப்பதை விட மெதுவாகப் போகும், ஆனால் நிற்காது.

அடுத்தது ரெட்டை கிளட்ச். பெடலைப் பாதி மிதித்தால் சக்கரத்துக்குப் போகும் சக்தி மட்டும் நிற்கும், பின்னால் ரோட்டாவேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். முழுக்க மிதித்தால் இரண்டும் நிற்கும். வரப்பு ஓரத்தில் மண் கட்டி அதிகமாக இருந்தால், பாதி மிதித்து நின்று, ரோட்டாவேட்டர் அதை உடைத்து முடித்ததும் நகரலாம்.

மூன்றாவது, ஸ்டார்ட் செய்யும் முறை. ஹை-லோ ராடு இரண்டுக்கும் நடுவில் 'எஸ்' என்ற இடத்தில் இருந்தால்தான் செல்ஃப் எடுக்கும். கியரில் இருக்கும்போது சாவியைத் திருப்பி, வண்டி பாய்ந்து, ஆள் மேல் ஏறிவிடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. இரண்டு வருடத்துக்கு முன் நம் டிரைவர் ஊரில் இல்லாதபோது ஒரு தம்பியை உழவுக்குக் கூப்பிட்டேன். நல்ல பையன், பெரிய வண்டிகள் ஓட்டியவன். காலை ஆறு மணியில் இருந்து ஒன்பது மணி வரை வண்டி எடுக்கவில்லை. "பேட்டரி போச்சுங்க சார்" என்று புது பேட்டரி வாங்கி வரக் கிளம்பிவிட்டான். நான் போய் ராடை லோவில் இருந்து நடுவுக்குத் தள்ளினேன். ஒரே திருப்பில் எடுத்தது. அவனைக் குறை சொல்லவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் தெரியாததற்கு "பழசு" என்று பெயர் வைப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம்.

அக்கா மகன் கொண்டுவந்த விலைச் சீட்டு என் முன்னால் இருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம். புது வண்டி ரோட்டுக்கு வர 7,40,000. என் வண்டிக்கு எக்சேஞ்ச் விலை 1,40,000. மீதி 6,00,000 கடன். வட்டி 12 சதவீதம், ஐந்து வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு தவணை. போட்டுப் பார்த்தேன். தவணை சுமார் 81,500. பத்துத் தவணைக்கு 8,15,000. வட்டி மட்டும் 2,15,000.

எனக்கு வருடத்துக்கு டிராக்டர் வேலை 250 மணி நேரம். அதற்கு மேல் எட்டு ஏக்கரில் என்ன இருக்கிறது? வருடத் தவணை 1,63,000-ஐ 250-ஆல் வகுத்தால் மணிக்கு 652 ரூபாய். டீசல் போடும் முன்பே, டிரைவர் சம்பளம் கொடுக்கும் முன்பே!

"சார், அஞ்சு வருஷம் கழிச்சு அந்த வண்டிக்கு ஒரு விலை இருக்குமே" என்று பின் பெஞ்சில் இருந்து ஒருவன் கேட்பான். நல்ல கேள்வி. தாராளமாக 3,50,000 என்று வைத்துக் கழித்துவிடுகிறேன். 4,65,000-ஐ 1,250 மணி நேரத்தால் வகுத்தால் 372 ரூபாய். புது வண்டிக்கு ரிப்பேர் செலவே இல்லை என்றும் வைத்துக்கொள்கிறேன்.

என் வண்டிக்குப் போன ஐந்து வருடத்தில் ஆன செலவு நோட்டில் இருக்கிறது. கியர் பெட்டி இறக்கி பேரிங், சீல், ஒரு பல்சக்கரம் மாற்றியது 42,000. கிளட்ச் தட்டுகள் 14,000. பின் டயர் இரண்டு 46,000. பேட்டரி, ரேடியேட்டர், ஆயில், சில்லறை எல்லாம் சேர்த்து 58,000. மொத்தம் 1,60,000. மணிக்கு 128 ரூபாய்.

372 எங்கே, 128 எங்கே? கிட்டத்தட்ட மூன்று மடங்கு. புது வண்டி மணிக்கு ஒரு லிட்டர் டீசல் மிச்சம் பிடிக்கும் என்று வைத்தாலும் இந்த இடைவெளி மூடாது.

ஜி.எஸ்.டி. பற்றிச் சொன்னீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு 12 சதவீதம் 5 ஆனது உண்மை. ஆனால் அதே அறிவிப்பில் டிராக்டர் டயர், டியூப், ஹைட்ராலிக் பம்ப், இன்னும் பல உதிரி பாகங்களுக்கு 18 சதவீதம் 5 ஆனதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? குறைந்த புள்ளிகளைப் பாருங்கள். புதுசுக்கு 7, பழசைச் சரி செய்வதற்கு 13. உதிரி பாகம் வாங்குங்கள் என்று யார் போஸ்டர் ஒட்டப் போகிறார்கள்?

"பதினஞ்சு வருஷம் ஆச்சுன்னா கவர்மென்டே ஒடச்சுப் போட்டுரும்" என்று ஒரு பயமுறுத்தல். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் கடந்த அரசு வாகனங்களின் பதிவு ரத்தாகும் என்று விதி வந்தது. அது அரசுத் துறைகளின் வண்டிகளுக்கு. நம் வண்டிக்கு 15 வருடம் முடிந்தால் சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். என் வண்டிக்குப் புதுப்பித்துத்தான் வைத்திருக்கிறேன். ஆர்.சி. புத்தகம் பீரோவில் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

இப்போது கணக்கை விடப் பெரிய விஷயம்.

இந்த வண்டியை நம்மூர்ப் பட்டறையில் திறக்க முடியும். ஸ்பானர் செட், ஒரு செயின் பிளாக், இரண்டு மரக்கட்டை போதும். பல்சக்கரம் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், கையில் எடுத்துப் பார்க்கலாம். போன வருடம் நம் சொந்தத்தில் ஒருவரின் 50 எச்.பி.க்கு மேற்பட்ட புது வண்டி, வாழைக்குப் பார் பிடிக்கிற நேரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்து தோட்டத்திலேயே நின்றது. இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பெனி ஆள் லேப்டாப்போடு வந்து பார்க்கிற வரை இழுவை இல்லை. ஐந்து நாள்! கடைசியில் ஒரு சென்சார் ஒயர். 2023 ஜனவரியில் 50 எச்.பி.க்கு மேலான டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, அந்த அளவு வண்டிகளில் டீசல் பாய்ச்சுவதே கம்ப்யூட்டர் வேலையாகிவிட்டது. புகை குறைவது நல்லதுதான், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் நம் வண்டியை நாமே திறக்கும் உரிமை எங்கே போனது?

இது கோபிக்காரன் மட்டும் கேட்கும் கேள்வி இல்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநில விவசாயிகள் இதற்காகப் போராடி 2023-ல் விவசாய இயந்திரங்களுக்குப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டமே கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரியில் ஜான் டீர் கம்பெனி மேல் அந்த நாட்டு அரசின் வணிக ஆணையமே இதே விஷயத்தில் வழக்குப் போட்டது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு அமைத்தபோது, எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அமெரிக்கக்காரன் நீதிமன்றம் போய்க் கேட்கும் உரிமை என் கொட்டகையில் 40 வருடமாகச் சும்மா நிற்கிறது. அதை 1,40,000-க்கு எக்சேஞ்சில் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

இனி என் பக்கத்துக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது வாத்தியார் வேலை இல்லை, வியாபாரி வேலை.

ஒன்று: லோ மூன்றுக்கும் ஹை ஒன்றுக்கும் நடுவில் இடைவெளி பெரிசு. சில வேலைக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருந்தால் நன்றாக இருக்கும். இப்போதைய எட்டு கியர் வண்டிகளில் அது இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு: ஓடும்போது கியர் மாற்ற முடியாது. நின்றுதான் போட வேண்டும். பாரம் ஏற்றிய டிரெய்லரோடு இறக்கத்தில் நியூட்ரல் தள்ளினால் திரும்ப கியர் விழாது. பிரேக்கை மட்டும் நம்பி உயிரோடு விளையாட வேண்டியதுதான். இறங்குவதற்கு முன்பே கியரை முடிவு செய்ய வேண்டும். தம்பிகளா, டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றோடு நிறுத்துங்கள்.

மூன்று: கியர் பெட்டி, ஹைட்ராலிக், பின் ஆக்சில் மூன்றுக்கும் ஒரே ஆயில். சேற்று உழவில் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கினால் மூன்றும் சேர்ந்து கெடும். தொழி ஓட்டி முடித்த மறுநாள் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். என் 42,000 ரூபாய் செலவுக்குக் காரணம் ஒரு வருடம் நான் இதைப் பார்க்காமல் விட்டதுதான். வண்டி மேல் தப்பில்லை.

நான்கு, இதுதான் முக்கியம்: பழைய வண்டிகளில் அந்த 'எஸ்' பூட்டை ஒயர் போட்டுத் தாண்டிவிடுகிறார்கள். "எந்த கியர்லயும் ஸ்டார்ட் ஆகுமுங்க" என்று பெருமை வேறு. என் வண்டியிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. கொட்டகையில் கியரில் கிடந்ததை நான் கீழே நின்றபடியே சாவி திருப்ப, பின் சக்கரம் என் காலுக்கு ஒரு சாண் பக்கத்தில் உருண்டு சுவரில் போய் நின்றது. அன்று சாயங்காலமே சுவிட்சை மாட்டினேன். சில நூறு ரூபாய்தான் செலவு. பழைய வண்டி வைத்திருப்பதில் பெருமைப்படலாம், பழைய வண்டியை அசிரத்தையாக வைத்திருப்பதில் பெருமை இல்லை.

ஐந்து: வாடகைக்கு ஓட்டுகிறவர்கள், வருடத்துக்கு ஆயிரம் மணி நேரம் ஓட்டுகிறவர்கள், புது வண்டிதான் எடுக்க வேண்டும். அதே 4,65,000-ஐ 5,000 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 93 ரூபாய்தான். அவர்களுக்குக் கட்டும். என் வண்டியை ஆயிரம் மணி நேரம் ஓட்டினால் பாதி வருடம் பட்டறையில்தான் நிற்கும். என் சண்டை புது வண்டியோடு இல்லை. 250 மணி நேர வேலைக்கு ஆயிரம் மணி நேர வண்டியைக் கடனில் எடுக்கச் சொல்கிறவர்களோடு.

பெரிய வண்டி வேண்டிய வேலை எனக்கும் உண்டு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடிமண் இறுக்கத்தை உடைக்க உளிக்கலப்பை போட வேண்டும். அதை என் வண்டி இழுக்காது. அன்றைக்குச் சில மணி நேரம் வாடகைக்கு எடுக்கிறேன். வேளாண் பொறியியல் துறையில் இ-வாடகை ஏற்பாடு இருக்கிறது, பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் இருக்கிறார்கள். மூன்று வருடத்தில் ஒரு நாள் வேலைக்கு ஐந்து வருடக் கடன் வாங்குவதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்தில் வழி சொல்லியிருக்கிறது?

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

2010 கடைசியில் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாய்க்கு மேல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வேகத்தில் நம் சொந்தத்தில் ஒருவர் பெரிய டிராக்டர் எடுத்தார். பூஜை போட்டு, மாலை போட்டு, ஊரையே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். ஆறே ஏக்கர். 2012-ல் மஞ்சள் நாலாயிரம், ஐயாயிரத்துக்கு வந்தது. தவணை மட்டும் இறங்கவில்லை. மூன்று தவணை நின்றதும் வீட்டு வாசலில் ஆள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் வாய்க்கால் ஓரத்து ஒன்றரை ஏக்கரை விற்றுத்தான் கட்டினார். வண்டி மிஞ்சியது, ஓட்ட நிலம் குறைந்தது. அவர் அன்று வாங்கும் முன் என்னிடம் வந்து கேட்டார், "வாத்தியாரே, எடுக்கலாமுங்களா?" என்று. நான் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கென்ன, எடுங்க" என்று சொல்லிவிட்டேன். கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. முப்பத்தி நான்கு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. அந்த ஒன்றரை ஏக்கர் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அது உறுத்துகிறது. அதனால்தான் இன்று இவ்வளவு நீளமாக, உங்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன்.

ஆகவே முடிவாக:

அக்கா மகனுக்கு: மாப்பிள்ளை, என் வண்டி விற்பனைக்கு இல்லை. உன் மேல் கோபமும் இல்லை. உனக்குச் சொந்தமாக வண்டி எடுக்க ஆசை என்றால் ஒரு நோட்டு எடுத்து, இந்த வருடம் உனக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் டிராக்டர் வேலை என்று தேதி போட்டு எழுது. அறுவடை முடிந்ததும் கொண்டு வா. உட்கார்ந்து வகுத்துப் பார்ப்போம். கணக்கு கட்டினால் ஷோரூமுக்கு நானே கூட வருகிறேன்.

மாணவர்களுக்கு: பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு அப்பாவுக்குப் புது டிராக்டர் வாங்கித் தரத் துடிக்கிற பிள்ளைகளே, உங்கள் மனசு நல்லது. ஆனால் வாங்குவதற்கு முன், கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு நல்ல டயரும், புது சீலும், அந்த ஸ்டார்ட் பூட்டும் போட்டுக் கொடுத்தால் போதுமா என்று அப்பாவிடமே கேளுங்கள். ஷோரூம்காரரிடம் கேட்க வேண்டாம்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் ஒரு காலைப் பொழுது தோட்டத்துக்கு வாருங்கள். ராடை எஸ்-ல் போட்டு ஸ்டார்ட் செய்யவும், லோ-ஹை மாற்றவும் நானே சொல்லித் தருகிறேன். நம் டிரைவருக்கு வயது ஆகிறது, எனக்கும்தான். இந்த வண்டி தெரிந்த ஆள் ஊரில் இன்னும் இரண்டு பேராவது வேண்டும்.

கீழே கருத்துப் போடுகிறவர்கள் எண்ணோடு போடவும். சிரிப்புப் பொம்மைக்கு மதிப்பெண் கிடையாது.

வணக்கம்.